முதல் குண்டு யாருடையது?

சரித்திர வகுப்பில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அமெரிக்க சுதந்திர யுத்தத்தின் ஆரம்பத்தைச் சொல்லத் தொடங்கியதும், "முதலில் சுட்டது யார், ஸார்?" என்று எந்த வருஷத்து வகுப்பிலும் ஒரு குரல் எழும். கேள்வி நியாயமானதுதான். இருவர் சண்டையிட்டால் முதலில் கை நீட்டியவன் யார் என்று கேட்பது மனித சுபாவம். பஞ்சாயத்தார் அதைக் கேட்பார்கள், நியாயாதிபதி கேட்பார், வீட்டில் தாயாரும் அதைத்தான் கேட்பாள்.

ஆனால், 1775-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ஆம் தேதி விடியற்காலையில், லெக்ஸிங்டன் என்னும் கிராமத்துப் புல்வெளியில் வெடித்த முதல் துப்பாக்கி எவருடையது என்பது இன்றளவும் நிச்சயமாகவில்லை. 250 வருஷங்களாக ஆராய்ந்தும் விடை கிடைத்தபாடில்லை. இதனால் சரித்திரத்துக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அன்றைய தினம் வென்றது முதல் குண்டு அன்று. அதற்கு முந்திய ஏழெட்டு மாதங்களாகச் சிற்றூர்களில் ஆரவாரமின்றி நடந்து வந்த சில காரியங்களே வென்றன. அவை இன்னவை என்று பார்ப்போம்.

தேயிலையும் ஊர்க் கூட்டமும்

பிரெஞ்சுக்காரருடன் நடத்திய ஏழாண்டு யுத்தம் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனுக்கு வெற்றியோடு பெருங்கடனும் மிஞ்சியது. அந்தக் கடனில் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் தலையில் வைக்கப் பார்லிமெண்டார் முற்பட்டனர். 1765-இல் முத்திரை வரி வந்தது; எதிர்ப்புக்கு அஞ்சி மறு வருஷமே அதை எடுத்துவிட்டார்கள். 1767-இல் கண்ணாடி, காகிதம், வர்ணம், தேயிலை முதலியவற்றுக்கு வரி வந்தது. பிறகு தேயிலை வரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார்கள். "எங்கள் பிரதிநிதிகள் இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி விதிக்கலாம்?" என்பதே குடியேறியவர்களின் வாதம்.

இந்தத் தேயிலை விவகாரத்தில் நமக்கு மிகவும் பரிச்சயமான ஓர் ஆசாமியும் வந்து சேருகிறார். சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிக்கொண்டு வியாபாரத்தில் தொடங்கி ராஜ்யத்தில் முடித்தாரே, அதே கிழக்கிந்தியக் கம்பெனியார்தான்! அவர்களுடைய கிடங்குகளில் சீனத்துத் தேயிலை விலை போகாமல் குவிந்து கிடந்தது. கம்பெனியைக் கடனிலிருந்து கைதூக்கிவிட 1773-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அந்தத் தேயிலைதான் அவ்வருஷம் டிஸம்பர் 16-ஆம் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளாகக் கடலில் விழுந்தது.

இதுவரையில் பலரும் அறிந்த கதை. இதற்குப் பிறகு வந்த தண்டனையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1774-இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். அதனுடன் நில்லாமல், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் ஆட்சி முறையையே ஒரு சட்டத்தால் மாற்றினார்கள். ஆலோசனை சபையை இனி அரசரே நியமிப்பார். கவர்னரின் அனுமதியின்றி வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஊர்க் கூட்டம் கூடலாகாது.

ஊர்க் கூட்டம் என்றால் என்ன? ஒவ்வோர் ஊரிலும் ஓட்டுரிமை பெற்ற ஆடவர் ஓரிடத்தில் கூடி, பாதை செப்பனிடுவதிலிருந்து பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் சம்பளம் வரையில் எல்லாவற்றையும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளும் சபை. நூறு வருஷங்களுக்கு மேலாக அவர்கள் இப்படியே பழகியவர்கள். வரி விதித்தபோது நகரத்து வர்த்தகர்களும் வக்கீல்களுமே அதிகம் கொதித்தார்கள். ஊர்க் கூட்டத்தில் கை வைத்தபோதோ ஏர் உழுகிற குடியானவனுக்கும் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தை அவர்கள் எப்படிக் காட்டினார்கள் என்பது அழகான விஷயம். 1774 செப்டம்பர் 6-ஆம் தேதி, உஸ்டர் என்ற ஊரில் புதிய சட்டத்தின் கீழ் கோர்ட்டு கூட வேண்டியிருந்தது. அன்று 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் அணி வகுத்து வந்து வீதியின் இரு மருங்கும் நின்றனர். நியாயாதிபதிகளும் உத்தியோகஸ்தர்களும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து, 'இந்தச் சட்டத்தின்படி நாங்கள் உத்தியோகம் பார்க்கமாட்டோம்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகவேண்டியிருந்தது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. அவ்வூரில் அரசர் ஆட்சி அன்றோடு சரி.

அக்டோபர் மாதத்தில் ஊர்களின் பிரதிநிதிகள் தாங்களாகவே ஒரு மாகாண காங்கிரஸாகக் கூடினார்கள். ஜான் ஹான்காக் அதற்குத் தலைமை வகித்தார். வசூலித்த வரியை அரசாங்கப் பொக்கிஷத்தில் கட்டாமல், தாங்கள் நியமித்த பொருளாளரிடம் செலுத்தும்படி ஊர்களுக்குச் சொன்னார்கள். ஊர்ப்படைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர், அழைத்த நிமிஷத்தில் புறப்படத் தயாராக இருக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 'நிமிஷ வீரர்' என்ற பெயர் அவர்களுக்கு அதனால்தான் வந்தது.

வெடிமருந்து

கவர்னராகவும் சேனாதிபதியாகவும் பாஸ்டனில் இருந்த ஜெனரல் தாமஸ் கேஜ் முரடர் அல்லர். அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அமெரிக்கப் பெண்ணை மணந்தவர். ஜனங்களிடம் வெடிமருந்து இல்லாமற் செய்துவிட்டால் யுத்தமே வராது என்று அவர் நம்பினார். குடியேற்ற நாடுகளில் வெடிமருந்து செய்யும் தொழில் அநேகமாக இல்லை. இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே, அவர் எண்ணத்தை அசட்டு எண்ணம் என்று சொல்வதற்கில்லை.

1774 செப்டம்பர் முதல் தேதி அவருடைய சிப்பாய்கள் பாஸ்டனுக்கு அருகிலிருந்த ஒரு மருந்துக் கிடங்கைக் காலி செய்து கொண்டுபோனார்கள். காரியம் சுமுகமாக முடிந்தது. ஆனால், பாஸ்டன் நகரம் பீரங்கியால் தாக்கப்படுவதாக வதந்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் நகரை நோக்கிப் புறப்பட்டுவிட்டனர். செய்தி பொய் என்று தெரிந்து திரும்பிப் போனார்கள். இந்தப் பொய் வதந்தி கேஜுக்கும் ஜனங்களுக்கும் ஒரு பாடம் கற்பித்தது. ஜனங்கள் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தார்கள்: மெய்யான செய்தியைச் சீக்கிரமாகவும் ஒழுங்காகவும் கொண்டுசெல்ல ஓர் ஏற்பாடு வேண்டும்.

1775 ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டனிலிருந்து கேஜுக்குக் கடிதம் வந்தது. கைகட்டி இருந்தது போதும், ஏதாவது செய் என்பதே அதன் தாத்பரியம். பாஸ்டனிலிருந்து சுமார் 20 மைலில் கான்கார்டு என்னும் ஊரில் பீரங்கிகளும் மருந்தும் சேகரித்து வைக்கப்பட்டிருப்பதாக ஒற்றர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கே படை அனுப்பத் தீர்மானித்தார்.

18-ஆம் தேதி இரவு, லெப்டினண்ட் கர்னல் பிரான்ஸிஸ் ஸ்மித்தின் கீழ் சுமார் 700 சிப்பாய்கள் ரகசியமாகப் படகேறினார்கள். பாஸ்டனில் அது ரகசியமாக இருக்கவில்லை. டாக்டர் ஜோஸப் வாரன் இரண்டு தூதர்களை அனுப்பினார். ஒருவர், வெள்ளி வேலை செய்யும் பால் ரெவியர். மற்றவர், தோல் பதனிடும் தொழிலைச் செய்த வில்லியம் டாஸ். இருவரும் பிடிபட்டாலும் செய்தி நிற்கக்கூடாது என்று, தேவாலயக் கோபுரத்தில் விளக்குக் காட்டவும் ஏற்பாடு இருந்தது. படை தரை வழியே வந்தால் ஒரு லாந்தர். நீர் வழியே வந்தால் இரண்டு. அன்றிரவு இரண்டு லாந்தர்கள் ஒளிர்ந்தன.

1861-இல் வெளியான லாங்பெல்லோவின் கவிதை, ரெவியர் ஒருவரே ஊரையெல்லாம் எழுப்பியதாக உலகை நம்பச் செய்துவிட்டது. கான்கார்டு போகும் வழியில் ரெவியர் சிப்பாய்களிடம் அகப்பட்டுக்கொண்டார். டாஸ் தப்பித் திரும்ப நேர்ந்தது. வழியில் தற்செயலாக அவர்களுடன் சேர்ந்துகொண்ட ஸாமுவேல் பிரெஸ்காட் என்ற இளம் வைத்தியரே கான்கார்டு போய்ச் சேர்ந்தார். இவர்களைத் தவிர, பெயர் நிலைக்காத எத்தனையோ பேர் ஊருக்கு ஊர் குதிரை ஏறினார்கள், மணி அடித்தார்கள், வெடி போட்டு அடையாளம் காட்டினார்கள். கவிஞருக்கு ஒரு கதாநாயகன் வேண்டியிருந்தது. அன்று காரியம் ஆனது ஒருவரால் அன்று.

லெக்ஸிங்டன்

சிப்பாய்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கரையேறி, நனைந்த உடுப்புடன் நெடுநேரம் காத்திருந்து, பிறகு நடந்தார்கள். மேஜர் ஜான் பிட்கெய்ர்னின் தலைமையில் முன்னணிப் படை லெக்ஸிங்டனை அடைந்தபோது பொழுது புலரும் நேரம். புல்வெளியில் சுமார் 77 பேர் துப்பாக்கியுடன் வரிசையாக நின்றிருந்தனர். அவர்களுடைய தலைவர் காப்டன் ஜான் பார்க்கர் ஒரு குடியானவர், வயது 45, க்ஷயரோகத்தால் மெலிந்தவர். எதிரே வந்த பட்டாளத்தோடு பொருதி வெல்ல முடியும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். நாங்கள் இருக்கிறோம் என்று காட்டவே நின்றார்கள்.

ஆயுதத்தைக் கீழே வைத்துக் கலைந்து போகும்படி பிரிட்டிஷ் அதிகாரிகள் கூவினார்கள். பார்க்கரும் தம்முடைய ஆட்களைச் சுடாமல் கலையும்படியே சொன்னார். சிலர் திரும்பி நடக்கத் தொடங்கினர். அப்போது எங்கிருந்தோ ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அடுத்த கணம் சிப்பாய்கள் கட்டளைக்குக் காத்திராமல் சரமாரியாகச் சுட்டார்கள். துப்பாக்கி முனை ஈட்டியுடன் பாய்ந்தார்கள். புகை அடங்கியபோது கிராமத்தார் எட்டுப் பேர் இறந்து கிடந்தனர்; பத்துப் பேருக்குக் காயம். பார்க்கரின் உறவினர் ஜோனாஸ் பார்க்கர், காயம்பட்டு விழுந்த இடத்திலேயே ஈட்டியால் குத்துண்டு மாண்டார். பிரிட்டிஷார் பக்கத்தில் ஒரு சிப்பாய்க்குக் காயம்.

இதை யுத்தம் என்று சொல்வது கஷ்டம். சிப்பாய்கள் வெற்றிக் கோஷம் செய்துவிட்டுக் கான்கார்டுக்கு நடந்தார்கள்.

கான்கார்டு

அங்கே அவர்கள் தேடிய பொருள்களில் பெரும்பகுதி ஏற்கனவே இடம் மாறிவிட்டது. ஊர்ப்படைத் தலைவர் கர்னல் ஜேம்ஸ் பாரெட்டின் நிலத்தில் ஆயுதங்களைப் புதைத்து மேலே உழுதுவிட்டிருந்தார்கள். அகப்பட்ட ஈயக் குண்டுகளைச் சிப்பாய்கள் குளத்தில் எறிந்தார்கள். பிறகு ஊரார் அவற்றை எடுத்துக்கொண்டனர். பீரங்கி வண்டிகளுக்கு வைத்த தீ ஊர்ச் சாவடியில் பற்றியது. மார்த்தா மௌல்டன் என்ற 71 வயது விதவை சிப்பாய்களிடம் மன்றாடி அதை அணைக்கச் செய்தாள்.

ஆயினும், அந்தப் புகைதான் யுத்தத்தை மூட்டியது. ஊருக்கு வெளியே வடக்குப் பாலத்துக்கு அப்பால், சுற்று வட்டாரத்து ஊர்ப்படையினர் சுமார் 400 பேர் மேட்டில் கூடியிருந்தார்கள். புகையைக் கண்டதும், ஊரை எரிக்கிறார்கள் என்று எண்ணினர். முதலில் சுடலாகாது என்ற கண்டிப்பான உத்தரவுடன் பாலத்தை நோக்கி இறங்கினர். முன் வரிசையில் ஆக்டன் ஊரின் காப்டன் ஐஸக் டேவிஸ் வந்தார். வயது 30, துப்பாக்கி செய்வதே தொழில், நோயுற்ற நான்கு குழந்தைகளை மனைவியிடம் விட்டுவிட்டு அன்று காலையில் புறப்பட்டவர்.

பாலத்தைக் காத்த சிப்பாய்கள் நூறு பேருக்கும் குறைவு. அவர்களே இங்கு முதலில் சுட்டார்கள். டேவிஸ் மாண்டு விழுந்தார். சுடும்படி மேஜர் பட்ரிக் கட்டளையிட்டார். சில நிமிஷத்தில் பிரிட்டிஷ் அணி குலைந்து ஊரை நோக்கி ஓடியது. அரசரின் சேனை குடியானவர்களுக்குப் புறங்காட்டியது அந்தப் பாலத்தில்தான். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பாலத்தருகே காயம்பட்டுக் கிடந்த சிப்பாய் ஒருவனை ஓர் இளைஞன் கோடரியால் வெட்டினான். அதைப் பார்த்த சிப்பாய்களுடைய மனம் அன்று பகல் முழுவதும் அதற்குப் பழி தேடிற்று.

திரும்பும் பாதை

நண்பகலில் ஸ்மித்தின் படை திரும்பியது. இதற்குள் மணியோசை பல மைல் தூரம் போய்ச் சேர்ந்துவிட்டது. கற்சுவர்களுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து குண்டுகள் வந்தன. ஒவ்வோர் ஊராரும் வந்து சேர்ந்து, சற்று நேரம் சுட்டு, முன்னே ஓடி மறுபடி காத்திருந்தனர். லெக்ஸிங்டன் எல்லையில், காலையில் எட்டுப் பேரைப் பறிகொடுத்த பார்க்கர், எஞ்சியவர்களுடன் மீண்டும் நின்றார். இம்முறை அவர்கள் கலைவதற்காக நிற்கவில்லை.

லார்டு பெர்ஸி சுமார் 1,000 பேருடனும் இரண்டு பீரங்கிகளுடனும் லெக்ஸிங்டனில் வந்து சேர்ந்திராவிட்டால் ஸ்மித்தின் படை முழுவதும் சரணடைந்திருக்கக் கூடும். மெனாட்டமி என்ற இடத்தில் சண்டை வீட்டுக்கு வீடு மூண்டது. ஜேஸன் ரஸ்ஸல் என்பவருடைய வீட்டிலும் வாசலிலும் அவரோடு சேர்த்து 12 பேர் மாண்டனர். எண்பதை நெருங்கிய ஸாமுவேல் விட்டிமோர் என்ற கிழவர், சுடப்பட்டும் குத்தப்பட்டும் இறந்தவராக விடப்பட்டார். அந்தக் கிழவர் 1793 வரையில் உயிரோடிருந்தார்!

இருட்டுகிற வேளையில் பிரிட்டிஷார் பாஸ்டனுக்கு எதிர்க்கரையை அடைந்தனர். அவர்களில் 73 பேர் மாண்டனர். 174 பேர் காயமுற்றனர். 26 பேரைக் காணவில்லை. அமெரிக்கரில் 49 பேர் மாண்டனர். மறுநாள் பெர்ஸி எழுதிய கடிதத்தில், இவர்களை ஒழுங்கற்ற கும்பல் என்று நினைப்பவன் மிகவும் ஏமாந்து போவான் என்று ஒப்புக்கொண்டார். எதிரி கொடுத்த நற்சாட்சிப் பத்திரத்துக்கு மேல் வேறென்ன வேண்டும்?

செய்தியின் ஓட்டம்

மாகாண காங்கிரஸார் அடுத்துச் செய்த காரியம் பத்திரிகை படிப்போர் மெச்சத் தக்கது. சண்டையைக் கண்ணால் கண்டவர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கினார்கள். பிடிபட்ட பிரிட்டிஷ் லெப்டினண்ட் கூல்டு என்பவரும் வாக்குமூலம் கொடுத்தார். லெக்ஸிங்டனில் எந்தக் கட்சி முதலில் சுட்டது என்று தம்மால் சரியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அந்தக் காகிதங்களுடன் ஸேலம் நகரத்துக் காப்டன் ஜான் டெர்பி, சரக்கு ஏதும் ஏற்றாத ஒரு வேகமான கப்பலில் புறப்பட்டார். கேஜின் அறிக்கை நாலு நாள் முந்திப் புறப்பட்டிருந்தது. ஆயினும், மே மாதக் கடைசியில் டெர்பிதான் முதலில் இங்கிலாந்தை அடைந்தார். லண்டன் பத்திரிகைகளில் ஜனங்களின் கட்சி வெளியாயிற்று; மந்திரிகள் தங்கள் சேனாதிபதியின் கடிதத்துக்காகப் பல நாள் காத்திருந்தார்கள்.

அமெரிக்காவிலோ, நாற்பது சவப்பெட்டிகளின் படம் தலைப்பில் அணி வகுத்த துண்டுப் பிரசுரம் ஊரெங்கும் பரவியது. படிக்கத் தெரியாதவனுக்கும் அந்தப் படம் புரிந்தது.

சில தினங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஊர்ப்படையினர் பாஸ்டனைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஜூன் 17-ஆம் தேதி பங்கர் குன்றில் நடந்த பெரும் போரில் மூன்றாவது தாக்குதலில்தான் பிரிட்டிஷார் குன்றைப் பிடித்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, மாண்டவரும் காயமுற்றவருமாக 1,054 பேர். பிட்கெய்ர்ன் அங்கே மாண்டார்; டாக்டர் வாரனும் அங்கே மாண்டார். அமெரிக்கர் பின்வாங்கக் காரணம், அவர்களிடம் வெடிமருந்து தீர்ந்து போனதே! கேஜ் ஆதியில் போட்ட கணக்கு முற்றிலும் தவறன்று. மருந்தைப் பற்றி அவர் போட்ட கணக்குச் சரிதான். மனிதர்களைப் பற்றிப் போட்ட கணக்குத்தான் பிசகிவிட்டது. 1776 மார்ச் 17-ஆம் தேதி பிரிட்டிஷார் பாஸ்டனைக் காலி செய்தார்கள். சுதந்திரப் பிரகடனம் அதற்கு மூன்றரை மாதம் பின்னால்தான் வந்தது.

பாக்கி நின்ற கணக்கு

லெக்ஸிங்டன் புல்வெளியில் காயம்பட்ட பத்துப் பேரில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்று ஒருவர் இருந்தார். அவர் நீக்ரோ ஜாதியார், அடிமை. தம்முடைய எஜமானர்களோடு தோளுக்குத் தோள் நின்று, அவர்களுடைய சுதந்திரத்துக்காகக் குண்டடி பட்டார். ஊர்க் கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. மார்த்தா மௌல்டனுக்கும் இல்லை. மாஸசூஸெட்ஸில் அடிமை முறை சட்டத்துக்குப் பொருந்தாதென்று நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது 1783-இல். அந்த தேசம் முழுவதும் அது ஒழிய 1865 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு பெரிய யுத்தம் வேண்டியிருந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமையை தேச முழுவதற்கும் அரசியல் சட்டத்தில் எழுதியது 1920-இல்.

ஆகையால், வகுப்பில் அந்தக் கேள்வி எழும்போது நான் மாணவர்களை வேறு இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுகிறேன். அந்தப் புல்வெளியில் நிற்கும் துணிவை 77 குடியானவர்களுக்கு அளித்தது எது? இதற்கு விடை, அவர்கள் நூறு வருஷமாகக் கூடிப் பேசிப் பழகிய சபையில் இருக்கிறது. அந்தச் சபையின் கதவுக்கு வெளியே நின்றவர் யார்? இதற்கு விடை, அவர்களுடன் அதே புல்வெளியில் இரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. முதல் குண்டு யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ளாமலே ஒரு தேசம் வாழ முடியும். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் எந்தத் தேசமும், சுதந்திரம் அடைந்த பிறகுங்கூட, நன்றாக வாழ முடியாது.